பரிசில் கடாநிலை: பழையதும் புதியதும்

கூலி வேறு; பரிசில் வேறு. செய்யும் வேலைக்கு முன்னரே பேசிக்கொண்ட அளவிற் பெறுவது கூலி. வேளாண்மை வெட்டியவன் மாலையிற் பெறுவது அது. அது குறைந்தால் வழக்காடலாம். பரிசிலோ பேசி முடித்த அளவுடையதன்று. பெறுவோன் தகுதியையும் தருவோன் உள்ளத்தையும் அளவாகக் கொண்டு பிறப்பது அது. ஆதலின் பரிசில் குறைந்தவிடத்து வழக்காட இடமில்லை. நெஞ்சு புண்படுதற்கே இடமுண்டு. அப்புண்ணைப் பாட்டாக்குதற்கென்றே நம் முன்னோர் பாடாண்டிணையில் ஒரு துறை கண்டனர். பரிசில் தாழ்த்தவிடத்து இரவலன் தான் வந்த வழியையும் தன் வறுமையையும் எடுத்துரைத்துப் புரவலனுக்கு நினைவூட்டுவது பரிசில் கடாநிலை. தொல்காப்பியர் புறத்திணையியலில் இதற்கு இடம் வைத்தார். புறநானூற்றுப் பாட்டுகள் பல இத்துறைப்பட்டனவாகவே நமக்குக் கிடைத்துள்ளன.

புரவலரும் பாணரும் மறைந்தபின் இத்துறையும் ஏட்டோடு ஒழிந்தது என்று கருதுவார் பலர். யானும் அதனைப் பழம்பொருளாகவே கற்பித்து வந்தேன். அது இன்றும் உயிரோடிருக்கின்றது என்பதை எனக்கு அறிவித்தவன் ஒரு மாணாக்கன்.

உயர்தர வகுப்பிற் புறநானூறு நடத்துகையில், ஔவையார் அதியமான் வாயிலிற் காத்திருந்த செய்தியை விரித்துரைத்துக்கொண்டிருந்தேன். பின்வாங்கிலிருந்து ஒருவன், “அதியமான் எப்பவாவது குடுப்பான், சேர், எங்கட விளையாட்டுக் குடுக்கவே குடுக்காது” என்றான். வகுப்புச் சிரித்தது. அதனைக் குறும்பென்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு சனிக்கிழமை அவன் தமையனுடைய கணினியில் அவ்விளையாட்டை அவனே எனக்குக் காட்டினான். வீரன் ஒருவன் இருண்ட குகைகளிற் புகுந்து அரக்கரை வெட்டி வீழ்த்துகின்றான். வீழ்ந்த அரக்கனிடமிருந்து வாளும் மோதிரமும் கவசமும் நிலத்திற் சிதறுகின்றன. அவற்றை அணிந்து வலிமை பெற்று, மேலும் வலிய அரக்கரை நாடிச் செல்கின்றான். அரை மணி நேரத்தில் நிலமெல்லாம் பொருள் கிடந்தது. மாணாக்கன் குனிந்தெடுத்தவை மூன்று. நோக்கியபின் வைத்துக்கொண்டது ஒன்றுமில்லை. ஒரேயொரு மோதிரத்தின் பொருட்டு அதே அரக்கனை மூன்று கிழமைகளாகக் கொன்றுகொண்டிருப்பதாகச் சொன்னான்.

இவ்வாறு சிதறும் பொருளை ஆங்கிலத்தில் ‘லூட்’ என்பர். நம் மாணாக்கரும் அவ்வாறே வழங்குகின்றனர். ஆங்கிலேயர் இந்தியாவில் இந்தி மொழியிலிருந்து எடுத்துச்சென்ற சொல் அது. கொள்ளை என்பது பொருள். சங்கச் செய்யுளிற் பகைவர் நாட்டிற் கொண்ட பொருளைக் ‘கொண்டி’ என்பர். எனினும் மாணாக்கன் வாயிற் கேட்ட முறையீடு கொள்ளை குறைந்த மறவனின் முறையீடாக இல்லை. பாடியும் பெறாத பாணனின் முறையீடாகவே இருந்தது. ‘இவ்வளவு உழைத்தேன், என்னை அறியவில்லையே’ என்பது அதன் உட்பொருள். ஆகவே இதனை ஆராய்வதற்குப் பரிசிற்றுறையே தக்க கருவி என்று துணிந்தேன்.

முதலில் இது நிகழுமாற்றை அறிதல் வேண்டும். குகையையும் அதிற் கிடக்கும் பொருளையும் ஒவ்வொரு முறையும் கணினியே புதிதாக உருட்டியமைக்கும் முறைக்கு வழிகாட்டியது 1980இல் தோன்றிய ‘ரோக்’ என்னும் விளையாட்டு. அம்முறையைப் போர் விரைவோடும் அழகிய ஓவியத்தோடும் சேர்த்து உலகெங்கும் பரப்பியது, 1997இன் தொடக்கத்திற் கடைகளுக்கு வந்த அமெரிக்க விளையாட்டாகிய ‘டயாப்லோ’. 2000இல் வந்த அதன் இரண்டாம் பாகம் இவ்வகைக்கு இலக்கணமாயிற்று. அரக்கன் வீழுந்தோறும் கணினி உள்ளே ஒரு தாயக்கட்டையை உருட்டுகின்றது. அதன் முகங்கள் ஆறல்ல. நூறாகவும் ஆயிரமாகவும் இருக்கும்.

நூற்றில் ஒன்று என்னும் வாய்ப்புடைய மோதிரத்தை நூறு முறை முயன்றால் உறுதியாகப் பெறலாம் என்று இளைஞர் எண்ணுகின்றனர். கணக்கு அவ்வாறு சொல்லவில்லை. நூறு பேர் தனித்தனியே நூறு முறை முயன்றால் ஏறத்தாழ 37 பேர் வெறுங்கையோடு நிற்பர். முந்நூறு முறை முயன்றபின்னும் அந்நூற்றுவருள் ஐவர் பெறாதிருப்பர். கட்டைக்கு நினைவில்லை. முன்னர்த் தொண்ணூற்றொன்பது முறை ஏமாந்தவன் இவன் என்பதை அது அறியாது. முந்நூறு முறை முயன்று பெறாதவன் அருகில், முதன்முறையிலேயே பெற்றவன் அமர்ந்திருக்கின்றான். புண் அங்கே பிறக்கின்றது.

ஆயினும் பேறு உறுதியின்மை மட்டுமே குற்றமாகாது. நம் மட்டக்களப்பு வாவியில் இரவெல்லாம் வலைவீசி விடியலில் வெறுந்தோணியோடு கரைசேர்வோர் எத்தனை பேர்! அவர்கள் வாவியை வைதல் அரிது. ஏனெனில் வாவி அவர்களுக்கு எதனையும் வாக்களிக்கவில்லை. அன்றியும் அதன் போக்கைக் கற்கலாம். காற்றின் திசையும், நிலவின் வளர்வு தேய்வும், முகத்துவாரம் வெட்டுண்டு கடல்நீரும் வாவிநீரும் கலக்குங் காலமும் அறிந்தவன் வலையில் இறால் மிகுதியாக விழும். அனுபவம் கட்டையின் முகத்தை மாற்றுகின்றது. விளையாட்டின் கட்டையோ மனிதன் அமைத்தது. நூற்றில் ஒன்றென அறையில் அமர்ந்து ஒருவர் குறித்த எண் அது. எவ்வளவு திறமையாக வெட்டினும் அவ்வெண் பெரும்பாலும் அசைவதில்லை. அமைத்தவன் ஒருவன் உளன் என்பது தெரிந்தவிடத்தே முறையீடும் எழுகின்றது. வாவியை நோக்கிக் கடாநிலை பாடுவாரில்லை. புரவலனை நோக்கியே பாடுவர்.

இப்புதிய கடாநிலைகளை ஆராயின் அவை மூவகையில் அடங்கும்: பொருந்தாது ஈதல், ஈயாமை, அளவிறந்து சொரிதல்.

பொருந்தாது ஈதலுக்குச் சான்று 2012 மே மாதம் வெளிவந்த ‘டயாப்லோ’ மூன்றாம் பாகம். கோடரி ஏந்தும் மறவனுக்கு மந்திரவாதியின் அறிவைப் பெருக்கும் கவசம் விழுந்தது. மந்திரவாதிக்கு மறவனின் உடல்வலி விழுந்தது. தனக்கு வேண்டியதைப் பெற விரும்பியவன் அரக்கரைக் கொல்வதினும் ஏலச்சந்தைக்குச் செல்வதே எளிதாயிற்று. ஆம், அவ்விளையாட்டினுள்ளேயே ஏலச்சந்தை ஒன்று இருந்தது. அதில் மெய்ப்பணத்துக்கும் வாங்கவும் விற்கவும் செய்தனர். போர்க்களத்தைவிடச் சந்தை பயன் தருமாயின் வீரன் வணிகனாவான். ஆடுவோர் ஈராண்டுகள் முறையிட்டனர். ஈற்றில் பிளிசாட் நிறுவனத்தார், சந்தை தம் விளையாட்டின் அடிப்படையையே குலைத்ததென்று ஒப்புக்கொண்டு, 2014 மார்ச் 18இல் அதனை மூடினர். அதற்கு முந்திய மாதத்திலேயே பரிசில் முறையையும் மாற்றியிருந்தனர். விழும் பொருள் குறைந்தது. விழுபவை அவ்வவ் வீரனுக்குப் பொருந்துவனவாயின.

ஈயாமைக்குச் சான்று நியூசிலாந்திற் செய்யப்பட்ட ‘பாத் ஒஃப் எக்சைல்’ என்னும் விளையாட்டு. 2022 ஆகஸ்டில் அதனைச் செய்தோர் அரக்கரின் கொடையளவைக் கணக்கிடும் முறையை மாற்றினர். முன்னர்ப் பொழிந்த குகைகள் வறண்டன. உலகெங்குமிருந்து எழுந்த முறையீடு பெரிதாயிருந்தமையின், நிறுவனத்தார் நீண்ட விளக்கம் எழுதிப் பின்னர்க் கொடையைச் சிறிது உயர்த்தவும் நேர்ந்தது.

அளவிறந்து சொரிதலுக்கும் அவ்விளையாட்டே சான்றாதல் வியப்பு. நல்ல காலத்தில் அதில் விழும் பொருள் திரையை மறைக்கும். ஆகவே ஆடுவோர் தாமே விதிகள் எழுதி, இன்ன இன்ன பொருளைக் கண்ணுக்குக் காட்டாதே என்று கணினிக்குக் கட்டளையிடுகின்றனர். கொடுப்பவன் கொடுத்ததில் பெரும்பகுதியைப் பெறுவோன் பாராமலிருக்க வழிதேடுவது எத்தகைய கொடை! 2023இல் வந்த ‘டயாப்லோ’ நான்காம் பாகத்திலும் இக்குறை எழுந்தது. பொருளைக் குவித்து, ஒவ்வொன்றிலும் பல சிறு குணங்களை ஒட்டி, எது நல்லதென்று எண்ணிப் பார்ப்பதே வேலையாயிற்று. 2024 மே மாதத்தில் அதனைத் திருத்திப் பொருளின் தொகையையும் குணங்களின் தொகையையும் குறைத்தனர். இருமுறையும் அவர்கள் கண்ட மருந்து ஒன்றே: குறைத்துக் கொடு, அறிந்து கொடு.

இம்மருந்தை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே எழுதிவைத்தவர் பெருஞ்சித்திரனார். வறுமையில் உழன்ற அப்புலவர் அதியமானிடம் சென்றபோது, அவன் அவரை நேரிற் காணாமலே பரிசில் அனுப்பினான். அவர் அதனைக் கொள்ளவில்லை. காணாது தரும் பொருளைப் பெறுதற்குத் தாம் வணிகரல்லர் என்றும், தம் தகுதியை அறிந்து தருவாராயின் மிகச் சிறிதும் தமக்கு இனிது என்றும் சொல்லிச் சென்றார். புறநானூற்றின் 208ஆம் பாட்டுத் தரும் செய்தி இது. வெளிமானின் தம்பியாகிய இளவெளிமான் தகுதி நோக்காது சிறிது கொடுத்தபோதும் அவர் அதனை மறுத்துப் போயினார். குமணனைப் பாடி யானை பெற்று, அதனைக் கொணர்ந்து இளவெளிமானின் காவன்மரத்திற் கட்டிவிட்டுச் சென்ற கதையை எல்லாரும் அறிவர்.

இங்கே நோக்கத்தக்கது, புலவர் மறுத்த இரண்டு பரிசில்களும் இருவேறு குறையுடையன. இளவெளிமான் கொடுத்தது சிறிது. அதியமான் அனுப்பியதைச் சிறிதென்று அவர் குறைகூறவில்லை. காணாமை ஒன்றே குறை. விளையாட்டின் கட்டை எப்போதும் காணாது கொடுப்பது. அது சொரிந்தாலும் சுருக்கினாலும் மாணாக்கன் மனம் நிறையாமைக்குக் காரணம் அதுவே.

அங்ஙனமாயின் தாழ்த்துக் கொடுப்பதெல்லாம் குற்றமா? அதற்கு விடை ஔவையாரிடம் உண்டு. அதியமான் பரிசில் தாழ்த்தபோது அவர் தம் நெஞ்சைத் தேற்றிப் பாடியது 101ஆம் பாட்டு. யானை தன் கொம்பிடையே வைத்துக்கொண்ட உணவுக்கவளம் எவ்வாறு தவறாதோ, அவ்வாறே அவன் பரிசிலும் தவறாது என்பது அவர் கண்ட உவமை. காலம் நீட்டிக்கலாம், உறுதி இருத்தல் வேண்டும். இன்றைய விளையாட்டுகளிற் சில இவ்வுறுதியைக் கணக்காகவே அமைத்துள்ளன. இத்தனை முறை பெறாதவனுக்கு அடுத்த முறை தவறாமற் கொடு என்று கட்டைக்கு நினைவூட்டும் விதி அது. அதனை ‘இரக்கவிதி’ என்னும் பொருள்படும் பெயரால் ஆடுவோர் வழங்குகின்றனர். பெயர் இரக்கமாயினும் உண்மையில் அது நீதி.

இதுவரை சொன்னவை பரிசிலின் குறைகள். இனிச் சொல்வது பரிசிலே ஆகாத ஒன்று. அதன் பெயர் இரை.

அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர், பெர்ஸ்டர் என்பவரோடு சேர்ந்து 1957இல் வெளியிட்ட நூலிற் புறாக்களைக் கொண்டு செய்த சோதனைகளை விரிவாக எழுதினார். குறித்த எண்ணிக்கை கொத்தினால் தானியம் என்று அமைத்தபோது, புறா தானியம் பெற்றபின் சற்றே ஓய்ந்தது. எத்தனையாவது கொத்தில் தானியம் வருமென்று அறியாதவாறு அமைத்தபோது, அது ஓயாமற் கொத்திற்று. தானியத்தை நிறுத்தியபின்னும் நெடுநேரம் கொத்திற்று. பெறாமையே மேன்மேலும் முயலத் தூண்டும் இவ்வியல்பை அறிந்தோர், அதன்மேல் ஒரு கடையைக் கட்டினர். உள்ளே என்ன உண்டென்று அறியாத பெட்டியைக் காசுக்கு விற்பது அக்கடை. அரக்கனைக் கொன்று பெறாத மோதிரத்தைப் பெட்டி திறந்து பெறலாம், பெறாமலும் போகலாம்.

2020இல் சீன நிறுவனம் ஒன்று வெளியிட்ட ‘கென்ஷின் இம்பெக்ட்’ என்னும் விளையாட்டில், மிக உயர்ந்த வகைப் பாத்திரம் ஒருமுறை முயல்வதில் வருதற்கு வாய்ப்பு நூற்றில் 0.6, தொண்ணூறாவது முயற்சியில் அவ்வகையில் ஒன்று உறுதி. முயற்சிக்குரிய பொருளை விளையாடியும் சேர்க்கலாம், காசு கொடுத்தும் வாங்கலாம். யானைக் கொம்பிடைக் கவளம் அங்கும் உண்டு. ஆனால் காத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாயிற்காவலன் விலை பேசுகின்றான்.

இவ்வாணிகத்தைப் பிற நாட்டார் வாளா விடவில்லை. பெட்டிகளிற் கிடைத்த சிறு படங்களை முழுத்தொகுதியாகச் சேர்த்தாற் பெரும்பரிசு என்னும் முறையை ஜப்பானிய அரசு 2012இல் சட்டத்துக்கு மாறானதென்று அறிவித்தது. 2017 மே மாதம் முதல் வாய்ப்பின் அளவை வெளியிடவேண்டுமென்று சீனா கட்டளையிட்டது. பெல்சியத்தின் சூதாட்ட ஆணையம் 2018 ஏப்பிரலில் சில விளையாட்டுகளின் பெட்டிகளைச் சூதாட்டமென்றே தீர்த்தது.

வள்ளுவர் சூது என்னும் அதிகாரத்தின் முதற் குறளிலேயே, சூதிற் பெறும் வெற்றியை மீன் விழுங்கிய தூண்டிலுக்கு உவமித்தார். வாவிக்கரையில் வாழும் நமக்கு இவ்வுவமைக்கு உரை வேண்டியதில்லை. தூண்டிலில் இரை மெய்யானது. மீனுக்கு அது சுவையுமாகும். இரைக்குள் இருப்பதே பிழை.

இது எங்கோ நிகழ்வதன்று. ஒரு மூதாட்டியார் என்னைத் தேடிவந்தார். மகள் மத்திய கிழக்கு நாடொன்றில் வீட்டுப்பணி செய்கின்றார். அவர் அனுப்பிய பணத்தில் ஒரு பங்கு பேரன் கைப்பேசி வழியே போயிற்று. “என்னத்த வாங்கின எண்டு கேட்டன், ஐயா. பெட்டி எண்டான். பெட்டிக்குள்ள என்ன எண்டு கேட்டன். தெரியா எண்டான்” என்றார். அவ்விடைக்கு மேல் எனக்கு ஒன்றும் விளங்கவைக்க வேண்டியிருக்கவில்லை.

‘விளையாட்டுத்தானே, இதற்கு இவ்வளவு ஆராய்ச்சியா? விளையாடாதே என்றால் முடிந்தது’ என்பார் உளர். விளையாட்டு இளமைக்கு இயல்பு. நம் கண்ணகி கோயில்களையொட்டிய கொம்புமுறியை நினைத்துப் பாருங்கள். வடசேரி தென்சேரி எனப் பிரிந்து ஊரே திரண்டு இழுக்கின்றது. கொம்பு முறிந்தபின் வென்ற சேரியார் வீட்டுக்குக் கொண்டுபோகும் பொருள் யாது? ஆரவாரமும் பாட்டுமே. போர்த்தேங்காய் அடிப்பவன் விரும்புவதும் உடைபடாத தன் தேங்காயின் பெயரையே. அங்கே ஆடியவனை ஊர் கண்டது. கண்டமையே பரிசில். ஆதலின் இளைஞர் நாடுவது மோதிரத்தை அன்று. தம் உழைப்பைக் கண்டு சொல்வோரையே நாடுகின்றனர். அதனை இழிந்த ஆசையென்று கடிவது தகாது. ‘இது எனக்குத் தகாது’ என்று சொல்லும் மாணாக்கன் தன் தகுதியை நினைக்கத் தொடங்கிவிட்டான். பெருஞ்சித்திரனார் தொடங்கியதும் அங்கேதான்.

அவர் முடித்த இடத்தையும் அவனுக்குக் காட்டுதல் நம் கடமை. அவர் முறையிட்டார், முறையிட்டபின் அவ்வாயிலிலேயே நிற்கவில்லை. எழுந்து போயினார். உலகம் பெரிது என்பது அவர் கண்ட தெளிவு. குமணனிடம் பெற்றபின் மனைவியை அழைத்து, வேண்டியவர்க்கெல்லாம் கொடு என்று சொன்னதும் அவரே. முறையிடவும், விலகவும், பெற்றபோது பகிரவும் தெரிந்தவனை எக்கட்டையும் அடிமைகொள்ளாது. மூன்று கிழமை ஒரே அரக்கனைக் கொன்றவனுக்கு நான்காம் கிழமை தொடங்குமுன் வாயிலை விட்டு வரத் தெரியவேண்டும். பெட்டிக்குக் காசு கேட்கும் வாயிலில் அவன் ஒரு கணமும் நில்லாதிருக்கவேண்டும்.

இனி ஆசிரியர்க்கு ஒரு சொல். காணாது கொடுத்தல் கணினிக்கு மட்டும் உரிய குற்றமன்று. கட்டுரைக் கொப்பியைப் படியாமலே அடியிற் கோடிட்டு ‘நன்று’ என்றெழுதுவதும், பரிசளிப்பு விழாவில் எல்லார்க்கும் ஒரேவகைக் கிண்ணத்தை வரிசையாக நீட்டுவதும் அதன் இனமே. அதியமான் அரிதின் முயன்று பெற்ற நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்தான். அவரை அவன் அறிந்திருந்தான். அதனாலன்றோ அவ்வொரு கனி இன்றும் பேசப்படுகின்றது?

அடுத்த தவணையில் இத்துறையைக் கற்பிப்போர் மாணாக்கரிடம் ஒன்று கேளுங்கள். தாம் ஆடும் விளையாட்டை நோக்கி ஒரு கடாநிலை எழுதிவரச் சொல்லுங்கள். என் வகுப்பில் முப்பத்திரண்டு பேர் எழுதினர். அவற்றை ஒவ்வொன்றாகப் படித்து ஒவ்வொன்றின் கீழும் இரண்டு மூன்று வரி எழுத எனக்கு நான்கு மாலைகள் சென்றன. கொப்பிகளைத் திருப்பிக் கொடுத்த அன்று, புள்ளியைப் பார்ப்பதற்கு முன் அவ்வரிகளையே அவர்கள் படித்தனர்.